காக்கிச் சட்டையும் காட்டறிவும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 11-ஆம் நாள் தேசிய வனத் தியாகிகள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பணியின்போது உயிர்நீத்த வனப் பணியாளர்களுக்கு, சீருடை அணிந்த சக பணியாளர்கள் அணிவகுத்து நின்று அஞ்சலி செலுத்துகிறார்கள். 2013-ஆம் ஆண்டு முதல் இது வழக்கத்தில் உள்ளது. இதற்கு இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததன் பின்னணியில் ஒரு பழைய நிகழ்வு இருக்கிறது. 1730-இல் ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில், அரண்மனைத் தேவைக்காக மரம் வெட்ட வந்த அரசரின் ஆள்களை பிஷ்னோய் மக்கள் தடுத்தனர். அம்ரிதா தேவி என்ற பெண் முன்னின்றார். வன்னி மரங்களைக் கட்டிப்பிடித்தபடி 363 பேர் வெட்டுண்டு மாண்டனர்.

மரங்களைக் காத்தவர்கள் அந்த ஊரின் குடிமக்கள். கோடரியோடு வந்தவர்களிடம்தான் அரசாணை இருந்தது. அதே நாளில் இன்று அஞ்சலி செலுத்துவோர் அரசின் சீருடையினர். வனத்துறை தன்னைப் பற்றி வைத்திருக்கும் சித்திரத்துக்கும், காட்டோரத்து மக்கள் அதைப் பற்றி வைத்திருக்கும் சித்திரத்துக்கும் இடையிலுள்ள தொலைவை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வறிக்கையும் காட்டிவிடாது.

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், சந்தனக் காடுகளை ஒட்டிய பகுதியில், ஏழு மாத இடைவெளியில் நடந்த இரு நிகழ்வுகள் இந்தத் தொலைவின் இரு முனைகள். 1991 நவம்பர் 10-ஆம் தேதி, சரணடைவதாக வீரப்பன் அனுப்பிய செய்தியை நம்பி ஆயுதமின்றிச் சென்ற இந்திய வனப் பணி அதிகாரி பி. சீனிவாஸ் கொல்லப்பட்டார். கர்நாடக எல்லையிலுள்ள கோபிநத்தத்தில் மருத்துவ உதவி, வீடுகள், மாரியம்மன் கோயில் என அந்த ஊருக்காக அவர் செய்த பணிகளை அங்குள்ள மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி மலைவாழ் மக்களின் குடியிருப்புக்குள், சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 126 பேர் வனத்துறையினர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

தண்டிக்கப்பட்டோரில் இந்திய வனப் பணி அதிகாரிகள் நால்வர். நாட்டின் மிக உயர்ந்த வனவியல் பயிற்சியைப் பெற்றவர்கள் அவர்கள். ஆகவே, 'பயிற்சி குறைவு. இன்னும் சில வகுப்புகள் நடத்தினால் போதும்' என்று எளிதாகக் கடந்துவிட முடியாது. எத்தனை மணி நேரம் கற்பிக்கிறோம் என்பதோடு, எதைக் கற்பிக்கிறோம், யாருக்குக் கற்பிக்கிறோம் என்ற கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன.

இத்துறையின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1864-இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ் பொறுப்பேற்றார். மரம் ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது, அதில் எவ்வளவை வெட்டலாம் என்று கணக்கிடும் அறிவியலை அவர் கொண்டுவந்தார். 1878-இல் டேராடூனில் வனச்சரகர்களை உருவாக்கப் பள்ளி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த வனச் சட்டம், பெருங்காடுகளை அரசுடைமையாக்கியது. சென்னை மாகாண வருவாய் வாரியம் இந்தப் போக்கை ஏற்கவில்லை என்பது பலரும் அறியாத செய்தி. இம்மாகாணத்துக் காடுகள் ஏறத்தாழ யாவும் ஏதோவொரு கிராமத்தின் எல்லைக்குள் வருபவை, அவற்றில் ஊராருக்கு உரிமைகள் உண்டு என்பது வாரியத்தின் வாதம். அந்த எதிர்ப்பு நீடிக்கவில்லை. 1882-இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. சில மாற்றங்களுடன் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஆக, வனவியலாளர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளுக்கு அமர்த்தப்பட்டார். ஒன்று, மரத்தையும் மண்ணையும் அறிந்த அறிவியலாளர் வேலை. மற்றொன்று, கைதுசெய்யவும் பறிமுதல் செய்யவும் அபராதம் வசூலிக்கவும் அதிகாரம் கொண்ட காவலர் வேலை. முதல் வேலை மக்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டாவது மட்டுமே தெரியும். விறகுக் கட்டோடு வரும் பெண்ணுக்கும், ஆடு மேய்ப்பவருக்கும் வனத்துறை என்பது காக்கிச் சட்டைதான். சட்டைக்குள் இருப்பவருக்கு எந்த மரம் எப்போது பூக்கும் என்று தெரியுமா என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

அறிவியலாளர் பக்கத்துக்கும் பெருமைமிக்க வரலாறு உண்டு. கோவையில் 1902-இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகமும், 1912-இல் தொடங்கிய வனக் கல்லூரியும் தென்னிந்திய வனவியலின் தாய்வீடுகள். ஆனைமலையில் வரைமுறையின்றி வெட்டப்பட்ட தேக்குக் காடுகளை, அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கவிட்டு வளர்க்கும் முறையால் மீட்டெடுத்தவர் ஹியூகோ உட். கைத்தடியால் மண்ணில் குழியிட்டு விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்ற கதை டாப்சிலிப்புக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லப்படுகிறது. அவருடைய கல்லறையும் அங்கேயே இருக்கிறது. அதே காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, அவரைப் போன்றோருக்கு வழிகாட்டிய காடர், மலசர் மக்களின் பெயர் ஒன்றுகூட அந்தக் கதையில் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வனவியல் ஒரு முறை கற்று, ஆயுள் முழுதும் வைத்துக்கொள்ளக்கூடிய அறிவு அன்று. இதற்கு நீலகிரியைவிட நல்ல சான்று இல்லை. அங்குள்ள உயர்மலைப் புல்வெளிகள் 'தரிசு' என்றே பழைய வனவியலுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தன. தரிசு என்றால் மரம் நட வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் கற்பூர மரமும் நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் அந்த வேகம் கூடியது. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை தேவைப்பட்டது. சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் தேவைப்பட்டது. அன்றைய பாடநூலின்படி, அதைச் செய்தவர் நல்ல வனவியலாளர்.

இன்றைய அறிவு வேறு சொல்கிறது. அந்தப் புல்வெளி சோலைக்காடுகளோடு சேர்ந்து மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு அளிக்கும் தனித்த வாழிடம், வரையாட்டின் வீடு. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காட்டின் முதற்பணி வருவாய் ஈட்டுவது அன்று, சூழல் சமநிலையைக் காப்பதே என்று அறிவித்தது. தாத்தா காலத்து வனவர் நட்ட சீகையை, பேரன் காலத்து வனவர் வேரோடு அகற்றிக்கொண்டிருக்கிறார். அகற்றும் வேலையும் எளிதானதன்று. வெட்டிய இடத்தில் பல்லாயிரம் சீகை விதைகள் முளைத்து எழும். சில இடங்களில் சீகை நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தலைதூக்கியுள்ளன. அங்கே வெட்டுவதா, விடுவதா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சுற்றறிக்கை ஒன்றை அனுப்பி இதைத் தீர்க்க இயலாது. அந்தந்தச் சரிவில் நிற்கும் வனவருக்கும் வனக் காப்பாளருக்கும் முடிவெடுக்கும் அறிவு இருக்க வேண்டும்.

சமவெளியிலும் இதே கதைதான். வறண்ட மாவட்டங்களின் விறகுப் பஞ்சம் தீர்க்கப் பரப்பப்பட்ட சீமைக் கருவேலம், பிறகு நீதிமன்றம் தலையிட்டு அகற்றச் சொல்லும் நிலைக்கு வந்தது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. வரவேற்கத்தக்க இலக்கு. ஆனால் எங்கே நடக்கூடாது என்று தெரிந்தவர்கள் களத்தில் இல்லையென்றால், இன்று நடுவதையும் நாளை ஒரு தலைமுறை பிடுங்க வேண்டியிருக்கும்.

மனித - விலங்கு எதிர்கொள்ளல் இன்னொரு களம். வனத்துறையைப் பற்றிய பொதுமக்களின் மதிப்பீடு இன்று பெருமளவில் இங்கேதான் தீர்மானமாகிறது. கூடலூரிலோ தடாகத்திலோ தோட்டத்துக்குள் யானை வந்துவிட்டால் மக்கள் வனப் பணியாளரைப் பார்த்துச் சொல்லும் முதல் சொல், 'உங்க யானையைக் கூட்டிட்டுப் போங்க' என்பதுதான். அந்த 'உங்க' என்ற சொல்லில் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. காட்டைத் தனதென்று அரசு எடுத்துக்கொண்டபோதே யானையும் அரசின் யானையாகிவிட்டது.

2019-இல் சின்னத்தம்பி, 2021-இல் ரிவால்டோ, 2023-இல் அரிக்கொம்பன் என ஒவ்வொரு யானையும் ஒரு பொது விவாதமாயிற்று. பிடித்து அடைத்த ரிவால்டோவை மூன்று மாதங்கள் கழித்துக் கழுத்துப்பட்டையுடன் முதுமலைக் காட்டில் விட்டார்கள். ஒரே நாளில் நெடுந்தொலைவு நடந்து அது தன் பழைய இடமான வாழைத்தோட்டத்துக்கே திரும்பியது. இதைத் தோல்வி என்றனர் பலர். உண்மையில், வளர்ந்த ஆண் யானைக்கும் அதன் வாழிடத்துக்குமான பிணைப்பைப் பற்றி அந்த ஒரு நாள் கற்றுத்தந்தது அதிகம். ஆனால் அதை அப்படி விளக்கிச் சொல்லும் குரல் துறையிலிருந்து வலுவாக எழவில்லை. மயக்க ஊசி, கும்கி, லாரி என்று தொலைக்காட்சி நேரலை ஓடும்போது, 'ஏன் பிடிக்கிறோம், ஏன் இங்கே விடுகிறோம், எது தெரியாது' என்று மக்கள் மொழியில் பேசக் கற்ற அதிகாரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. வனவியலாளர்கள் இன்று கற்க வேண்டிய தொழில்திறன்களில் இதுவும் ஒன்று.

கற்கும் துறை எப்படி மதிப்பைப் பெறுகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. மதுக்கரை அருகே ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவது நெடுநாள் அவலம். 2021 நவம்பரில் நவக்கரையில் ஒரே இரவில் மூன்று யானைகள் மாண்டன. 2024-இல் அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களுடன் முன்னெச்சரிக்கை அமைப்பு நிறுவப்பட்டது. பாதையோரம் நிற்கும் யானையைக் கண்டு ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகிறது. கணினித் திரையின் முன் அமர்ந்து அதை இயக்குவதும் இப்போது வனப் பணிதான். இதற்காக வனத்துறையைப் பாராட்டாதவர் இல்லை.

இதனினும் பெரிய பாராட்டு வந்தது வேறொரு திசையிலிருந்து. 2023 மார்ச்சில் 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றபோது, தெப்பக்காடு முகாமின் பொம்மனையும் பெள்ளியையும் உலகம் பார்த்தது. அதே ஆண்டு பெள்ளி, முகாமின் காவடியாக அரசுப் பணியில் அமர்த்தப்பட்டார். தமிழக வனத்துறை வரலாற்றில் அதற்குக் கிடைத்த ஆகப் பெரிய நற்பெயரை ஈட்டித் தந்தவர்கள், அதன் படிநிலையில் ஏறத்தாழக் கடைசியில் இருப்பவர்கள். அவர்களிடம் மக்கள் கண்டது அதிகாரத்தை அன்று; ஒரு குட்டி யானையைப் பற்றிய அறிவையும் பொறுமையையும். அதையொட்டி முதுமலை, ஆனைமலை முகாம்களிலிருந்து பாகர்களும் காவடிகளுமாகப் பதின்மூன்று பேர் தாய்லாந்தின் லாம்பாங் யானைப் பாதுகாப்பு மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். 'பரம்பரையாக யானையோடு வாழ்பவர்களுக்கு வெளிநாட்டில் என்ன பயிற்சி?' என்ற கேள்வி நியாயமானதே. ஆனாலும் கீழ்நிலைப் பணியாளரும் கற்கத் தகுந்தவர், அவருக்காகச் செலவிடலாம் என்று அரசு ஒப்புக்கொண்டதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். பயணம் இருவழியாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தெப்பக்காட்டில் தாய்லாந்துப் பாகர்கள் கற்கவும் நிறைய இருக்கிறது.

ஏனெனில் அது விதிவிலக்கு. பொதுவான நிலை வேறு. இந்திய வனப் பணி அதிகாரி டேராடூனில் தொடக்கப் பயிற்சி பெறுகிறார். பணிக்காலத்தின் நடுவில் மேலும் சில கட்டங்களில் மீண்டும் அங்கே அழைக்கப்படுகிறார். வனச்சரகருக்குக் கோவையில் நெடிய பயிற்சி உண்டு. வனவருக்கும் வனக் காப்பாளருக்கும் வைகை அணைப் பயிற்சிக் கல்லூரியில் சில மாதங்கள். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுக் காலப் பணியில், அவ்வப்போது நடக்கும் ஓரிரு நாள் பட்டறைகளைத் தவிர, காப்பாளருக்கு முறையான தொடர்கல்வி என்று சொல்ல அதிகம் இல்லை. பணியில் சேர்ந்தபோது வன உரிமைச் சட்டமே இல்லாதிருந்த ஒருவர், இன்று அந்தச் சட்டம் நடப்பிலுள்ள காட்டில் ரோந்து போகிறார். காட்டுரிமைக் கோரிக்கையை முதலில் பரிசீலிக்கும் அமைப்பு கிராம சபைதான் என்று அவருக்கு யார், எப்போது சொன்னார்கள்? தெரியாத சட்டத்தை ஒருவர் தன் அதிகாரத்துக்கு விடுக்கப்பட்ட அறைகூவலாகவே பார்ப்பார். ஆவணம் வைத்திருப்பவரையும் ஆக்கிரமிப்பாளர் என்றே நடத்துவார். வாச்சாத்தியின் மனநிலை முளைப்பது அந்த இடத்தில்தான்.

காப்பாளருக்கும் கீழே இருப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பெரும்பாலும் பழங்குடியினர், பலர் ஆண்டுக்கணக்காக நிரந்தரமற்ற பணியில் இருப்பவர்கள். புலிக் கணக்கெடுப்பில் கேமரா கட்டுவதும், தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், யானை விரட்டும் இரவில் முன்னே நடப்பதும் அவர்கள்தான். தமிழகத்தின் புலிகள் 2006-இல் 76 ஆக இருந்து 2022 கணக்கெடுப்பில் 306 ஆக உயர்ந்ததில் அவர்களுடைய கால்களின் பங்கு பெரிது. அவர்களுக்குத் தெரிந்ததைச் சான்றளித்து அங்கீகரிக்கவும் வழியில்லை. தெரியாததைக் கற்றுத்தரவும் வழியில்லை.

தீயை எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்றவர்கள் 23 பேர் உயிரிழந்தனர். வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. காய்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்தோடும் என்பது தீயியலின் அரிச்சுவடி. அன்று அந்தச் சரிவில் சிக்கியவர்களுக்கு இதைச் சொல்லக்கூடியவர் யாராவது உடனிருந்தாரா என்ற கேள்வி, பணியிடை நீக்க ஆணையோடு முடிந்துபோனது. 2024-இல் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டம் நாற்பது பாதைகளில் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியிருக்கிறது. குரங்கணியிலிருந்து கற்ற ஒரு நல்ல பாடம் இது.

பிற தொழில்களோடு ஒப்பிட்டால் குறை இன்னும் துலங்கும். மருத்துவர் ஐந்தாண்டுக்கு முப்பது மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டுமென நெறிமுறை உண்டு. தவறிழைத்தால் பதிவை நீக்க ஒரு மன்றம் உண்டு. இந்தியாவில் வனவியலாளருக்கு அப்படியொரு பதிவு மன்றம் இல்லை. அவர் அரசு ஊழியர், அவ்வளவே. இத்தனைக்கும் உலக வனவியலுக்கு ஒரு வகையில் இந்தியாவே முன்னோடி. பிராண்டிஸிடம் வழிகாட்டல் பெற்ற கிஃபர்டு பின்சோ 1900-இல் தொடங்கிய அமெரிக்க வனவியலாளர் சங்கம், சான்று பெற்ற வனவியலாளர் மூன்றாண்டுக்கு 60 மணி நேரம் கற்றதற்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1947 முதல் சட்டப்படியான பதிவு இருக்கிறது. அங்கெல்லாம் காட்டை அழிக்கவில்லையா என்று கேட்கலாம். அழித்திருக்கிறார்கள். ஆனால் தவறான தொழில்முறை முடிவுக்கு ஒரு தனிமனிதரைப் பொறுப்பாக்கி விசாரிக்க, துறைக்கு வெளியே ஓர் இடம் இருக்கிறது. இங்கே எல்லா முறையீடும் மேலதிகாரியிடமோ நீதிமன்றத்திடமோதான் போய்ச் சேர வேண்டும், நடுவில் எதுவுமில்லை.

இணையவழிப் பயிற்சித் தளங்கள் இருக்கின்றனவே என்று பதில் வரக்கூடும். காணொலியைக் கைப்பேசியில் ஓடவிட்டுச் சான்றிதழ் எடுப்பதில் என்ன கற்கிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே. சிக்னல் கிடைக்காத வேட்டைத் தடுப்பு முகாமில் அதுவும் இல்லை. காப்பாளரின் கல்வி களத்தில்தான் நடக்க வேண்டும். சீகை அகற்றிய சரிவிலும், கிராம சபைக் கூட்டத்திலும், யானை மிதித்த வாழைத்தோட்டத்திலும் அது நடக்க வேண்டும். ஆசிரியர்களாக ஆய்வாளரும், பழங்குடி மூத்தவரும், பயிரை இழந்த விவசாயியும் வர வேண்டும். பதவி உயர்வுக்கு அந்தக் கல்வி ஒரு நிபந்தனையாக வேண்டும்.

இதற்குத் தடையாக இருப்பது பணமன்று. காடு வளர்ப்புக்கும் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கும் வெளிநாட்டுக் கடனுதவித் திட்டங்களும், ஈடுசெய் காடுவளர்ப்பு நிதியும் இருக்கின்றன. தடை மிகச் சாதாரணமானது: ஆள். காலிப் பணியிடங்களால் இரண்டு காவல் சுற்றுகளை ஒரே காப்பாளர் பார்க்கும் சரகத்திலிருந்து அவரைப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்ப எந்தச் சரகரும் துணியமாட்டார், அதுவும் தீப்பருவத்தில். இந்திய வனப் பணியில் இதற்கு ஒரு விடை எப்போதோ கண்டறியப்பட்டுவிட்டது. அதிகாரிகளின் எண்ணிக்கையை நிர்ணயிக்கும்போதே, பயிற்சிக்குச் செல்பவர்களுக்காக மூத்த பணியிடங்களில் 3.5 விழுக்காடு 'பயிற்சி இருப்பு' என்று சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். வனக் காப்பாளர் நிலைக்கும் அதே கணக்கைப் போட ஓர் அரசாணை போதும்.